அன்று கைவிட்டேனா? – மருத்துவர் பதில்

கேள்வி: திருமங்கலத்தைச் சேர்ந்த நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். 2021 மே மாதத்தில், ஆக்சிஜன் படுக்கை இல்லையென்று பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பினோம். இறக்கும் தறுவாயில் இருந்த ஒருவரைப் பார்க்க அவர் மகளை உள்ளே விட மறுத்ததும் நான்தான். இன்றுவரை சரியான தூக்கமில்லை. “முடிந்துபோன கதை” என்கிறார்கள் வீட்டில். எனக்கு என்ன நோய்? தூக்க மாத்திரை போடலாமா?

பதில்: சகோதரி, செய்ய வேண்டியது இன்னதென்று மனம் அறிந்திருந்தும், சூழலும் நிர்வாக விதிகளும் அதைச் செய்யவிடாமல் தடுக்கும்போது உண்டாகும் வேதனையை ‘அறநெறி உளைச்சல்’ என்கிறோம். செவிலியர்களிடம் காணப்படும் இந்த வேதனையைப் பற்றி ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற அமெரிக்க அறிஞர் 1984-லேயே எழுதினார். இதைத் தனி நோயாக வகைப்படுத்துவதில்லை. ஆனால் நாள்பட நீடித்தால் மனச்சோர்வுக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கும் இது வழிவிடக்கூடும்.

தமிழகத்தின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று மதுரையில்தான் நிகழ்ந்தது. அன்று தொடங்கி ஓராண்டுக்கும் மேலாக உழைத்துக் களைத்திருந்த நிலையில்தான் உங்களைப் போன்றவர்கள் இரண்டாம் அலையை எதிர்கொண்டீர்கள். ஏறத்தாழ 7,000 லிட்டர் கொள்ளும் பெரிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று, நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் கொடுத்தால் பதினோரு மணி நேரத்துக்கு மேல் வரும். அதிவேக மூக்குக்குழாய் வழியாக 60 லிட்டர் கொடுத்தால் இரண்டு மணி நேரம்கூட வராது. இந்தக் கணக்கை ஒரு செவிலியரின் கருணையால் மாற்றியிருக்க முடியாது. யாருக்குப் படுக்கை என்பதை மூத்த மருத்துவர்கள் அடங்கிய குழு முடிவுசெய்து, அதன் பொறுப்பையும் அதுவே ஏற்றிருக்க வேண்டும். வாசலில் நின்றவர் தலையில் அது விழுந்தது நிர்வாகத்தின் குறை என்பதே என் கருத்து.

அந்த மகளைத் தடுத்தது வேறு வகை வலி. தொற்று பரவக் கூடாது என்ற விதிக்கு நியாயம் இருந்தது. அவருடைய துயரமும் நியாயமானதே. “நீ எந்தத் தவறும் செய்யவில்லை” என்று மற்றவர்கள் சொல்லும் ஆறுதல் உங்கள் மனதில் ஒட்டாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அன்று உங்களோடு பணியில் இருந்த ஓரிருவருடன் உட்கார்ந்து, எது உங்கள் கையில் இருந்தது, எது இல்லை என்று நிதானமாகப் பேசிப் பாருங்கள். வீட்டாரால் முடியாத ஒன்று அவர்களால் முடியும், ஏனென்றால் அவர்களிடம் எதையும் விளக்க வேண்டியிராது.

தூக்க மாத்திரையை நீங்களாக எடுக்க வேண்டாம். மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு, பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் அல்பிரசோலம் மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே ஆபத்து. சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும், திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். உங்களுக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேலாகத் தூக்கக் குறைவு இருப்பதால், மனநல மருத்துவரை இப்போதே பார்ப்பது நல்லது. அன்றைய காட்சிகள் கண்முன் மீண்டும் மீண்டும் வருவது, வார்டுக்குள் நுழையவே அஞ்சுவது, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பேச்சுவழிச் சிகிச்சையும், தேவைப்பட்டால் செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு நீக்கும் மருந்தும் நல்ல பலன் தரும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

உடன் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற தயக்கம் இருந்தால் அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்க 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் வகைசெய்கிறது. நேரில் செல்லும்வரை, இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசக்கூடிய, அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம்.