இரத்மலானையிலிருந்து கோட்டைக்கு தினமும் சைக்கிளில்: எதைப் பார்த்து வாங்குவது?

இரத்மலானையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "கோட்டைக்கு வேலைக்குத் தினமும் சைக்கிளில் போக முடிவெடுத்துவிட்டேன், போகவர 25 கிலோமீற்றருக்கு மேல் வரும். முன்னுக்கும் பின்னுக்கும் ஸ்பிரிங் வைத்த 21 கியர் மவுண்டன் சைக்கிள் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? நீடித்து உழைக்குமா?"

வாங்காதீர்கள் தம்பி. மலிவு விலைச் சைக்கிளில் வரும் ஸ்பிரிங், நீங்கள் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடும், பாரமும் கூட, கொஞ்ச நாளில் மூட்டுகளில் ஆட்டம் விழுந்துவிடும். நீங்கள் போகிற காலி வீதி அநேகமாகச் சமதரை, 21 கியரில் நீங்கள் பாவிக்கப்போவது நாலைந்துதான்.

சொகுசு டயரிலிருந்துதான் வருகிறது. கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் தார் ரோட்டில் இழுக்கும். 35 முதல் 45 மில்லிமீற்றர் அகலத்தில் வழுவழுப்பான டயர் போடுங்கள். காற்றைக் கல்லு மாதிரி அடிக்கவும் வேண்டாம். 70 கிலோ ஆளுக்கு, 40 மில்லிமீற்றர் டயரில் 50 பீஎஸ்ஐ அளவு போதும், பின் சில்லுக்குக் கொஞ்சம் கூட.

அப்புறம் அளவு. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் அவசரமாக வாங்கிய சைக்கிள்களை என்னிடம் கொண்டுவந்து "கை விறைக்குது, முதுகு நோகுது" என்றவர்கள் பலர், பார்த்தால் அநேகமாகச் சைக்கிளில் பழுதே இருக்காது, உடம்புக்கு அளவில்லாததை வாங்கியிருப்பார்கள். சீட்டில் இருந்து, குதிக்காலைக் கீழே இருக்கிற பெடலில் வையுங்கள். கால் நேராக நிற்கவேண்டும், அதுதான் சீட்டின் உயரம். ஹாண்டிலைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடிந்திருக்கவேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் உடம்புப் பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கும், விரல் விறைப்பது அதனால்தான். மெத்தை போலப் புதையும் சீட்டைப் பார்த்து மயங்காதீர்கள். அரை மணித்தியாலம் போனதும் எலும்பு உள்ளே இறங்கி, சீட்டின் நடு மேடு தொடை இடுக்கை அழுத்தத் தொடங்கும். கொஞ்சம் இறுக்கமான சீட்டே நல்லது. கடைக்காரரிடம் கேட்டு, வேலைக்குக் கொண்டுபோகிற பையையும் கட்டிக்கொண்டு இருபது நிமிடமாவது ஓடிப் பாருங்கள்.

நீடித்து உழைப்பதென்றால் நான் முதலில் பார்ப்பது பின் சில்லைத்தான், உங்கள் பாரமும் பையின் பாரமும் அதில்தான். 36 கம்பி, இரட்டைச் சுவர் (உள்ளே இடைவெளி விட்டு இரண்டு தட்டாகச் செய்த) அலுமினிய ரிம் இருந்தால் நல்லது. சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள், கூடிக் குறைந்தால் கோணல். கம்பிகளை விரலால் தட்டுங்கள், ஒன்று மட்டும் தொளதொளவென்று கேட்டால் அது தளர்ந்திருக்கிறது. பளபளக்கிற இரும்பு ரிம் வேண்டவே வேண்டாம். ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழையில் அதில் பிரேக் பிடித்தாலும் வழுக்கிக்கொண்டே போகும்.

கடையில் இறக்குமதியான ஜப்பான் பழைய சைக்கிள் கிடைத்தால் யோசிக்கலாம். சிலவற்றில் மூன்று கியரும் பின் அச்சுக்குள்ளேயே இருக்கும், மழையும் மணலும் லேசில் உள்ளே போகாது. ஆனால் சீட் தண்டின் பிடியைத் தளர்த்திவிட்டு, தண்டை இழுத்துப் பாருங்கள். அசையவில்லையா, உள்ளே துருப்பிடித்து இறுகிவிட்டது, விட்டுவிடுங்கள். நீங்கள் உயரமான ஆள் என்றால் பிரேமும் சின்னதாக இருக்கலாம்.

கடலோரமாக ஓடும் மரைன் டிரைவ் பக்கமாகப் போனால் உப்புக்காற்று செயினைத்தான் முதலில் பிடிக்கும். நனைந்து வந்தால் அன்றிரவே துடைத்து எண்ணெய் விடுங்கள். மாதம் ஒருமுறை அடிமட்டம் வைத்து அளவுங்கள்: செயினின் ஓர் ஆணியின் நடுவில் தொடங்கினால், சரியாக 12 அங்குலத்தில் இன்னோர் ஆணியின் நடு வரவேண்டும். 1/16 அங்குலம் தள்ளி நின்றால் புதுச் செயின் போடுங்கள், 1/8 வரை விட்டால் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.