வாடகை வீட்டில் துப்பாக்கிப் பெட்டகம்: சுவரில் துளை போடாமல் முடியுமா?

சிட்னியில் வாடகை வீடு, கையில் ஏ, பி வகைத் துப்பாக்கி (சாதாரண ரைஃபிள், ஷாட்கன் போன்றவை) உரிமம். வீட்டுக்காரர் சுவரில் துளை போட விடாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 1996 துப்பாக்கிச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. காலியாக 150 கிலோவுக்குக் குறைவான பெட்டகத்தைத்தான் கட்டாயம் பொருத்த வேண்டும். அதைவிடக் கனமென்றால் துளையே தேவையில்லை. ஆனால் மாடிக்கு ஏற்றுவதற்குள் முதுகு போய்விடும். வீடு மாறும்போது மறுபடியும் அதே பாடு. நானாக இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்கி, இலேசான பெட்டகத்தையே பொருத்துவேன். வெறும் ஜிப்சம் பலகையில் போல்ட் நிற்காது. சுவரைத் தட்டிப் பார்த்து, உள்ளே மரச்சட்டம் இருக்கும் இடத்தில் துளையிடுங்கள். காலி செய்யும்போது துளையை அடைத்துக் கொடுப்பது உங்கள் செலவு.

அப்புறம், தோட்டாக்களுக்குத் தனியாக ஒரு பூட்டுப் பெட்டி வேண்டும்.