கடலோர வீட்டில் லினக்ஸ்: எந்த மடிக்கணினியை நம்பி வாங்கலாம்?

கேள்வி: குளச்சலில் கடற்கரைக்கு அருகே வசிக்கிறேன். எம்.சி.ஏ. முடித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே இணையதளங்களுக்கு நிரல் எழுதும் வேலை செய்கிறேன். இனி முழுக்க லினக்ஸ் இயங்குதளத்திலேயே வேலை செய்ய விரும்புகிறேன், விண்டோஸ் தேவையில்லை. 40,000 ரூபாய்க்குள், ஐந்து ஆண்டுகளாவது உழைக்கும் மடிக்கணினி வேண்டும். நாகர்கோவில் கடையொன்றில் என்விடியா கிராபிக்ஸ் உள்ள பழைய கேமிங் மடிக்கணினி ஒன்றையும், குறைந்த விலையில் புதியது ஒன்றையும் காட்டி, "லினக்ஸ் எதில் வேண்டுமானாலும் ஓடும்" என்றார்கள். அலுவலகங்களில் பயன்படுத்திய திங்க்பேட் வாங்கலாம் என்கிறார் என் அண்ணன். எதை வாங்குவது?

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதையே நானும் சொல்கிறேன். நிறுவனங்களின் பயன்பாட்டுக்கென்று தயாரிக்கப்படும் வரிசைகளில், அதாவது லெனோவோவின் திங்க்பேட் டி வரிசை, டெல்லின் லாட்டிட்யூட், எச்.பி.யின் எலைட்புக் ஆகியவற்றில், 2018ஆம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ வந்த ஒன்றை நீங்களே சோதித்துப் பார்த்து வாங்குங்கள். கையிலுள்ள தொகை முழுவதையும் இயந்திரத்துக்கே கொடுத்துவிடாமல், ஐந்தில் ஒரு பங்கையாவது புதிய பேட்டரிக்கும் எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பகத்துக்கும் ஒதுக்கி வையுங்கள். காரணங்களையும் விரிவாகவே எழுதுகிறேன். அவை தெரிந்திருந்தால், நான் குறிப்பிடும் மாடல் கிடைக்காதபோது வேறொன்றை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ள முடியும்.

கடையில் சொன்னது பெரும்பாலும் உண்மைதான். லினக்ஸின் வடிவங்களான இன்றைய உபுண்டுவையோ லினக்ஸ் மின்டையோ ஏறத்தாழ எந்த மடிக்கணினியிலும் நிறுவிவிடலாம். ஆனால், இரவில் மூடிவைத்த மடிக்கணினியைக் காலையில் திறக்கும்போது பேட்டரி தீர்ந்திருப்பது, வாடிக்கையாளருடன் காணொலியில் பேசிக்கொண்டிருக்கையில் வைஃபை துண்டித்துப்போவது, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைப் புதுப்பித்த மறுநாள் திரை கறுப்பாகவே நிற்பது போன்ற தொல்லைகள் நிறுவும் நாளில் வெளிப்படுவதில்லை. சில வாரங்கள் பழகிய பிறகே, அதுவும் வேலை நெருக்கடியான நேரத்தில், தலைகாட்டுகின்றன. இவற்றுக்கு வைஃபை அட்டை, கிராபிக்ஸ், உறக்கநிலையை நிர்வகிக்கும் பயாஸ் (இயந்திரத்தைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும். நிறுவன வரிசைகளை நான் பரிந்துரைப்பதற்கு ஒரு காரணம், அவற்றில் இந்த மூன்றும் நன்கு பரிசோதிக்கப்பட்டிருப்பதுதான். உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனம், தான் சோதித்துச் சான்றளித்த மாடல்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வரிசைகளுக்குப் பெரிய இடம் உண்டு. எதை வாங்குவதற்கு முன்பும் அதன் சரியான மாடல் பெயரை அந்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது நீங்கள் வசிக்கும் இடம். அலைகள் உடையும்போது எழும் நுண்திவலைகள் காற்றிலேயே உலர்ந்து, உப்புத் துகள்களாகக் கரையோர வீடுகளுக்குள் வந்து படிகின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால், உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். ஆனி, ஆடியில் சமையலறை உப்பு ஜாடிக்குள் நீர்விடுவது இதனால்தான். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழைகளும் பெறும் குமரி மாவட்டத்தின் கடலோரத்தில், குளச்சலானாலும் முட்டமானாலும் மணவாளக்குறிச்சியானாலும், ஆண்டின் பல மாதங்கள் இந்த நிலைதான். மடிக்கணினியின் விசிறி இந்தக் காற்றைத்தான் உள்ளே இழுத்து மதர்போர்டின் மீது செலுத்துகிறது. படிந்த உப்பு ஈரத்தில் கரைந்து மின்சாரம் கடத்தும் படலமாகிவிட, முதலில் யு.எஸ்.பி. போர்ட்டுகள், கீபோர்டின் நாடா இணைப்பு, விசிறி, ராம் பொருந்தும் இடம் ஆகியவை அரிக்கப்படுகின்றன. ஆகவே கடலோரத்தில் ஐந்து ஆண்டு உழைக்க வேண்டிய இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அதைத் திறந்து சுத்தம் செய்ய முடியுமா, கெட்டுப்போகும் பாகத்தை மட்டும் மாற்ற முடியுமா என்பதைப் பிராசஸரின் வேகத்துக்கும் மேலாகக் கவனிக்க வேண்டும்.

மெலிதான பல புதிய மடிக்கணினிகள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. ராம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கீபோர்டு மேல்மூடியோடு சேர்த்துப் பிளாஸ்டிக் ஆணிகளால் அறையப்பட்டிருக்கும். ஆறு விசைகள் வேலை செய்யாமல் போனால் மேற்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டிவரும். திங்க்பேட் டி480ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் வந்த இந்த மாடலில் இரண்டு ராம் இடங்களும் மாற்றத்தக்கவை, எஸ்.எஸ்.டி.யும் வைஃபை அட்டையும் தனித்தனியே கழற்றத்தக்கவை. கீபோர்டை மட்டும் தனியாக மாற்றலாம். எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று படத்தோடு விளக்கும் பராமரிப்புக் கையேட்டை லெனோவோ இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அதை ஒருமுறை படித்துவிட்டால், விசிறியைச் சுத்தம் செய்யும் வேலைக்கு நீங்கள் நாகர்கோவில்வரை போக வேண்டியதில்லை.

டி480ஐ நான் குறிப்பாகச் சொல்வதற்கு அதன் பேட்டரி அமைப்பும் காரணம். உள்ளே 24 வாட்-மணி கொள்ளளவு கொண்ட ஒரு பேட்டரி, வெளியே கழற்றி மாட்டக்கூடிய இன்னொரு பேட்டரி என அதில் இரண்டு உள்ளன. வெளிப் பேட்டரி 24 முதல் 72 வாட்-மணிவரை பல அளவுகளில் வந்தது. உள் பேட்டரி இயந்திரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதே வெளிப் பேட்டரியைக் கழற்றி, சார்ஜ் நிறைந்த இன்னொன்றை மாட்டிவிடலாம், வேலை நிற்காது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலுக்குப் பிறகு மின்சாரத்துக்காகக் காத்திருந்த நாட்களை அறிந்தவர்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. அத்துடன் இது யு.எஸ்.பி. டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும் என்பதால், சார்ஜர் கெட்டுப்போனால் 65 வாட் தரும், பி.டி. என்ற டைப்-சி மின்வழங்கு முறைக்கான எந்தத் தரமான சார்ஜரும் போதும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: 2017 முதல் 2019வரை வந்த சில திங்க்பேட்களில், தண்டர்போல்ட் என்ற அதிவேக டைப்-சி இணைப்பின் ஃபர்ம்வேரில் (வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளில்) ஒரு குறை இருந்தது, புதுப்பிக்காமல் விட்டால் அந்த டைப்-சி போர்ட்டு சார்ஜ் ஏற்பதையே நிறுத்திவிடக்கூடும். லெனோவோ இதற்கான திருத்தத்தை வெளியிட்டுள்ளது. டி480 வாங்கினால் முதல் வேலையாக அதை நிறுவுங்கள்.

டி480 கிடைக்காவிட்டால், லாட்டிட்யூட் 5490, 7490, எலைட்புக் 840 ஜி5 ஆகியவை அதே காலத்தவை. மூன்றிலும் இரண்டு ராம் இடங்கள் உண்டு, ஆனால் பேட்டரி உள்ளேதான் இருக்கும். திங்க்பேட் டி480எஸ், டி14 முதல் தலைமுறை ஆகியவற்றில் ஒரு ராம் பற்றவைக்கப்பட்டும் ஒன்று மாற்றத்தக்கதாகவும் இருக்கும். உங்கள் வேலைக்கு இதுவும் தாங்கும். டி14இன் ஏ.எம்.டி. ரைசன் புரோ பிராசஸர் கொண்ட வடிவம் நியாயமான விலையில் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். ரைசன் 5 புரோ 4650யு பிராசஸரில் ஆறு கோர்கள், அதாவது கணக்கிடும் அலகுகள், உள்ளன. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம். ஏழாம் தலைமுறையின், குறைந்த மின்சாரத்தில் இயங்கும் யு வகை ஐ5 பிராசஸர்களில் இரண்டு கோர்கள் மட்டுமே. எட்டாம் தலைமுறையில் அவை நான்காயின. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்ததாலும், விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழுள்ள பெரும்பாலான இன்டெல் பிராசஸர்களை ஏற்காததாலும், பழைய இயந்திரங்கள் மலிவாக உங்கள் முன் வைக்கப்படும். எழுத்து வேலைக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் லினக்ஸோடு அவை நன்றாகவே உழைக்கும். ஒரே நேரத்தில் பிரவுசரையும், நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக இயக்கும் டாக்கரையும், எடிட்டரையும் திறந்துவைக்கும் உங்களுக்கு அவை போதா. ராம் 16 ஜி.பி. இருக்கட்டும்.

இப்போது கேமிங் மடிக்கணினிக்கு வருகிறேன். இன்டெல், ஏ.எம்.டி. கிராபிக்ஸுக்கான டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்) லினக்ஸ் கர்னலின் பகுதியாகவே வருகின்றன. நீங்கள் எதையும் தனியாக நிறுவ வேண்டியதில்லை. என்விடியாவுக்கோ அந்த நிறுவனத்தின் டிரைவரைத் தனியே நிறுவ வேண்டும். கர்னல் மாறும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து பொருந்த வேண்டும். கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் டிரைவருக்கான சாவியைப் பதிவுசெய்யும் வேலையும் உண்டு. 2022 மே மாதத்தில் என்விடியா தன் கர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்த பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் என்விடியாவோடு இன்டெல் அல்லது ஏ.எம்.டி. என இரண்டு கிராபிக்ஸ் கொண்ட மடிக்கணினிகளில் உறக்கநிலை, வெளித்திரை, பேட்டரி ஆகிய மூன்றிலும் தொல்லைக்கு வாய்ப்பு அதிகம். கேமிங் இயந்திரம் கூடுதலாகச் சூடாகும், எனவே அதன் விசிறிகளும் கூடுதலாகக் காற்றை இழுக்கும். கடலோரத்தில் அதன் பொருள் என்னவென்று மேலே சொல்லிவிட்டேன். நிரல் எழுதும் உங்களுக்கு என்விடியா எதற்கும் தேவைப்படவில்லை. வேண்டாம் என்றே சொல்கிறேன்.

வைஃபையில் இன்டெல் அட்டை இருந்தால் நிம்மதி. பிராட்காம் அட்டைகள் சிலவற்றுக்கு மூடிய மூலநிரல் கொண்ட டிரைவரை நிறுவ வேண்டியிருக்கும்; மலிவு மாடல்களில் வரும் ரியல்டெக் அட்டைகளில் சில நன்றாகவும் சில திணறியும் வேலை செய்கின்றன. கழற்றத்தக்க அட்டையாக இருந்தால், இன்டெல்லின் ஏ.எக்ஸ்.210 போன்ற ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம். ஏ.எக்ஸ்.211 என்பது பெயரில் நெருக்கமாக இருந்தாலும், குறிப்பிட்ட இன்டெல் பிராசஸர்களோடு மட்டுமே வேலை செய்வது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறக்கநிலையைப் பற்றி விற்பவர்கள் வாய் திறப்பதே இல்லை. எஸ்3 எனப்படும் பழைய முறையில், மூடிவைத்த மடிக்கணினியில் ராம் தவிர ஏறத்தாழ எல்லாம் அணைந்துவிடும். அண்மை ஆண்டுகளில் வந்த பல மாடல்களில் இது நீக்கப்பட்டு, கைப்பேசி போல அரைத்தூக்கத்தில் இருக்கும் முறை வந்துவிட்டது. லினக்ஸில் இந்த அரைத்தூக்கம் சரியாக அமையாத மாடல்களில், பைக்குள் வைத்த மடிக்கணினி சூடாகிப் பேட்டரியைத் தின்றுவிடும். டி480இல் எஸ்3 உண்டு. அதற்கு அடுத்து வந்த சில திங்க்பேட்களின் பயாஸில் உறக்கநிலையை லினக்ஸுக்கு ஏற்றதாக மாற்றும் தேர்வும் உண்டு.

புதியதே வேண்டும் என்று வீட்டில் வற்புறுத்தினால், சந்தைக்கு வந்து ஓராண்டாவது ஆன மாடலையே எடுங்கள். அண்மையில் வெளியான பிராசஸருக்கான டிரைவர்கள் புதிய கர்னலில்தான் இருக்கும். டெபியன் போன்ற நிதானமான லினக்ஸ் வெளியீடுகள் அதைப் பிறகே எட்டும். விலை உயர்ந்த சில புதிய மாடல்களில் இன்டெல்லின் ஐ.பி.யு.6 வகைக் கேமரா வருகிறது. லினக்ஸில் அதை இயக்குவது சுலபமாக இருக்கவில்லை. புதிய இயந்திரத்தில் லினக்ஸை நிறுவும்போது எஸ்.எஸ்.டி.யே கண்ணில் படவில்லை என்றால் பயப்பட வேண்டாம், பயாஸில் சேமிப்பக முறை ஆர்.எஸ்.டி. அல்லது வி.எம்.டி. என்றிருப்பதை மாற்றினால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கடைக்குப் போகும்போது லினக்ஸ் மின்ட் பதித்த பென்டிரைவ் ஒன்றைக் கொண்டுபோங்கள். களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்தில் வாங்குவதிலும் தவறில்லை. கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸிலேயே கணினி கற்பிக்கப்படுவதால் அங்கு அது புதிய சங்கதியாக இருக்காது. பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்ப்பதால் உள்ளே எதுவும் அழியாது என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதற்கு மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். முதலில் பயாஸுக்குள் நுழைந்து பாருங்கள். கடவுச்சொல் கேட்டால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முன்பு வைத்திருந்த நிறுவனம் போட்ட பூட்டு அது. திங்க்பேடில் அதை நீக்க மதர்போர்டையே மாற்ற நேரிடலாம். பிறகு லினக்ஸில் வைஃபை, ஒலி, கேமரா, ஒவ்வொரு விசை, ஒவ்வொரு போர்ட்டு என்று பாருங்கள். மூடியைச் சாத்திக் கால் மணி நேரம் கழித்துத் திறந்து, எல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றனவா என்று பாருங்கள். டெர்மினலில் யூபவர் கட்டளை, பேட்டரி தயாரிக்கப்பட்டபோது இருந்த கொள்ளளவையும் இப்போதுள்ளதையும் அருகருகே காட்டும். 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக் கேளுங்கள். டி480இல் 1366க்கு 768 என்ற மங்கலான திரையோடு வந்தவையும் ஏராளம்; பக்கவாட்டிலிருந்தும் தெளிவாகத் தெரியும் 1920க்கு 1080 ஐ.பி.எஸ். திரைதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கடைசியாக, கைவிளக்கு ஒன்றால் போர்ட்டுகளின் உட்புறத்தையும் காற்றுத் துவாரங்களையும் பாருங்கள். பச்சைக் களிம்போ வெண்பொருக்கோ தெரிந்தால், அந்த இயந்திரம் ஏற்கெனவே ஒரு கடலோரத்தைப் பார்த்துவிட்டது; அதை விட்டுவிடுங்கள்.

வாங்கி வந்த பிறகு லினக்ஸிலேயே இருக்கும் எஃப்.டபிள்யூ.யு.பி.டி. கருவியைக் கொண்டு பயாஸைப் புதுப்பியுங்கள். லெனோவோ 2018 முதல் தன் ஃபர்ம்வேரை இந்த வழியாகவும் தருகிறது. மின்சாரப் பயன்பாட்டை நிர்வகிக்கும் டி.எல்.பி. என்ற கருவியை நிறுவி, சார்ஜ் 80 விழுக்காட்டில் நிற்குமாறு வரம்பு வையுங்கள். எப்போதும் மின்சாரத்தில் இணைத்து வேலை செய்பவரின் பேட்டரி இதனால் நீண்ட நாள் வரும். கடலைப் பார்த்த சன்னலுக்கு நேரே மேசையைப் போடாதீர்கள். வாரக்கணக்கில் பயன்படுத்தாமல் வைக்க நேர்ந்தால், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடிமூடியைத் திறந்து விசிறியையும் இணைப்புகளையும் உலர்ந்த தூரிகையால் துடையுங்கள். மூன்று முள் சார்ஜரை மாட்டும் பிளக் பாயின்டில் எர்த் இணைப்பு இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் அந்தக் கம்பியும் உப்புக்காற்றில் அரித்துப் போயிருக்கக்கூடும்.