சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற ரோலர் கோஸ்டர் எது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை செய்யும் என் தம்பி டிசம்பர் விடுமுறைக்கு எங்களை அழைத்திருக்கிறான். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு ஒன்பது. இருவரும் யூனிவர்சல் ஸ்டூடியோஸில் ரோலர் கோஸ்டர் ஏற வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். “பயந்தால் பழகாது, எல்லாவற்றிலும் ஏற்றிவிடு அக்கா” என்கிறான் தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. எதில் ஏற்றலாம், எதில் கூடாது என்பதை எப்படித் தீர்மானிப்பது?
– வாசகி ஒருவர், ஹட்டன்

பதில்: வயதை விட்டுவிட்டு உயரத்தைப் பாருங்கள், சகோதரி. ஒவ்வொரு ரோலர் கோஸ்டரின் வாசலிலும் எழுதிவைக்கப்பட்டிருக்கும் குறைந்தபட்ச உயரம் பிள்ளையின் தைரியத்தை அளப்பதற்கானது அன்று. மடிக்கு மேல் இறங்கிப் பூட்டிக்கொள்ளும் தடுப்புக் கம்பி எவ்வளவு பெரிய உடலைப் பிடித்து நிறுத்தும் என்பதையே அது சொல்கிறது. மேட்டின் உச்சியைத் தாண்டி வண்டி சரியும் கணத்தில் உடல் இருக்கையை விட்டு எழும்பப் பார்க்கும். அப்போது பிள்ளையைக் காப்பது அந்தக் கம்பி ஒன்றுதான். இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பி உள்ள வண்டிகளில், அது பருத்த பெரியவரின் தொடையில் முட்டியதும் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் வெளி மிஞ்சும். ஆகவே ஒவ்வோர் ஆளுக்கும் தனிக் கம்பி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அது இல்லாவிட்டால் பிள்ளையோடு மெலிந்தவர் ஒருவரை உட்கார வையுங்கள்.

இலங்கையின் 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, நம் பெருந்தோட்டங்களில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் ஏறக்குறைய 32 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆதலால், “ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏற்றது” என்று யாரோ சொல்வதை நம் வீட்டுப் பிள்ளைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. புறப்படும் முன் செருப்பில்லாமல் கதவு நிலையோடு நிறுத்தி அளந்து கொள்ளுங்கள். இரண்டு சென்ரிமீற்றர் குறைகிறது என்பதற்காகத் தடித்த அடியுள்ள சப்பாத்து போட்டு ஏற்றிவிடும் பெற்றோரும் உண்டு; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நீங்கள் போகுமிடத்தில் டிராகன் வடிவ வண்டி ஓடும் ‘என்சாண்டட் எயர்வேஸ்’ 92 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்தே பிள்ளைகளைப் பெரியவர் துணையோடு அனுமதிப்பது. மகளின் முதல் அனுபவம் அதுவாக இருக்கட்டும். ‘ரிவென்ஜ் ஒஃப் த மம்மி’க்கு 122 சென்ரிமீற்றரும், மணிக்கு 90 கிலோமீற்றர் வேகம் தொடும் ‘பற்றில்ஸ்டார் கலக்டிகா’வுக்கு 125 சென்ரிமீற்றரும் வேண்டும். அளவுகள் மாறக்கூடும் என்பதால் அன்றைக்கு வாசலில் இருப்பதையே கணக்கில் எடுங்கள். மகன் 122 ஐத் தாண்டியிருந்தாலும் மம்மியில் ஏற்ற நான் அவசரப்படமாட்டேன். அது கும்மிருட்டில் திடீரென்று பாய்வது. எங்கே திரும்பும், எங்கே விழும் என்று முன்கூட்டித் தெரியாததால் வேகத்தைவிட இருட்டே பிள்ளைகளை அதிகம் கலங்கடிக்கும். முழுப் பாதையும் வெளியிலிருந்து தெரிகிற வண்டியே முதலில் நல்லது. அது இரண்டு மூன்று தடவை ஓடி முடிப்பதைப் பிள்ளையோடு நின்று பாருங்கள். உட்காரும்போது நடுப்பெட்டியில் உட்காருங்கள். கடைசிப் பெட்டி உச்சியிலிருந்து வேகமாக இழுபட்டு இறங்குவதால் தூக்கிப் போடுவது அங்கேதான் அதிகம்.

தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். 1884 இல் நியூயோர்க்கின் கோனி ஐலண்டில் லமார்கஸ் தொம்சன் அமைத்த ரோலர் கோஸ்டர் மணிக்கு ஏறக்குறைய 10 கிலோமீற்றர் வேகத்தில்தான் ஓடியது. பெரியவர்களே அதற்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சிறிய வண்டியில் ஏறும் பிள்ளை கோழையல்ல. வரிசையில் ஒரு மணித்தியாலம் நின்ற பிறகு மகள் “வேண்டாம் அம்மா” என்றாலும், கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அழ அழ ஏற்றப்பட்ட பிள்ளை பழகுவதில்லை. அடுத்த முறை வாசலுக்கே வர மறுக்கும்.

கேள்வி: ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியாக் களியாட்டத்தில் போடும் சின்ன ரோலர் கோஸ்டரில் நான்கு வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு போகலாமா?
– வாசகர் ஒருவர், தலவாக்கலை

பதில்: மடியில் வைத்துக்கொண்டு எதிலும் போகக்கூடாது, வளைவில் வண்டி வெட்டித் திரும்பும்போது எந்தத் தகப்பனின் கையும் போதாது. சில வாரங்களுக்கென்று பொருத்தப்படும் வண்டி என்பதால் முதலில் அதன் கால்களைப் பாருங்கள். அடியில் கொடுத்த மரக்கட்டைகள் ஈர மண்ணில் புதைந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, வண்டி ஓடும்போது கால்கள் ஆடினாலோ திரும்பிவிடுங்கள். இயக்குபவர் ஒவ்வொரு கம்பியையும் கையால் அழுத்திப் பார்த்த பிறகுதான் வண்டியை விடுகிறாரா என்பதையும் கவனியுங்கள். மழை பெய்து தண்டவாளம் நனைந்திருக்கும்போது பிரேக்கின் பிடி குறையும்; பிற்பகல் மழைக்கு முன்பே போய்விடுவது நல்லது.

கேள்வி: பஸ்ஸில் போகும்போது றம்பொடை மலைப்பாதை வளைவுகளில் வாந்தியெடுக்கும் என் ஏழு வயது மகள் ரோலர் கோஸ்டரில் ஏறலாமா?
– வாசகி ஒருவர், பண்டாரவளை

பதில்: ஏறலாம். பஸ் பயணம் மணிக்கணக்கில் நீள்வது; பிள்ளைகளுக்கான கோஸ்டர் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் ஏற்றாதீர்கள், ஒரே இடத்தில் சுழலும் ராட்டினங்களைத் தவிருங்கள், ஒன்றில் இறங்கியதும் அடுத்ததற்கு ஓடாமல் சிறிது நேரம் உட்கார வையுங்கள். கழுத்திலோ இதயத்திலோ ஏதாவது குறை இருந்தால் மட்டும், வைத்தியரைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம்.