ப்ராஜெக்டுகள் ஜாவா 8-இல் இருக்கும்போது ஜென்கின்ஸுக்குப் பாதுகாப்பு அப்டேட் போடுவது எப்படி?

ப்ரோகிராம்களைத் தானாகக் கம்பைல் செய்து சோதிக்கும் சர்வரான உங்கள் ஜென்கின்ஸ் 2.346.3-இல் நிற்கிறது, ப்ராஜெக்டுகள் ஜாவா 8-இல் கம்பைல் ஆகின்றன, எனவே சர்வரின் ஜாவாவைத் தொடாமல் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் போட வழியுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு வழி இல்லை. ஆனால் ப்ராஜெக்டுகளை ஜாவா 8-இலேயே விட்டுவிட்டுச் சர்வரை மட்டும் மேலே கொண்டுபோக முடியும். பல ஆண்டுகளாக ஜென்கின்ஸ் சர்வர்களைப் பராமரிப்பவன் என்ற முறையில் இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்றே வலியுறுத்துவேன்.

ஜாவா 8-ஐ ஏற்கும் கடைசி எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) வரிசை 2.346. அடுத்து 2022 செப்டம்பரில் வந்த 2.361.1 குறைந்தது ஜாவா 11-ஐயும், 2024 அக்டோபரில் வந்த 2.479.1 குறைந்தது ஜாவா 17-ஐயும் கேட்டன. இதனால் நேரும் ஆபத்துக்கு 2024 ஜனவரியில் வெளியான சிவிஇ-2024-23897 என்ற எண்ணுள்ள பாதுகாப்பு ஓட்டையைப் பாருங்கள். ஜென்கின்ஸின் கமாண்ட் லைன் வழியாக அனுப்பும் கட்டளையில் அட் குறியையும் (@) அதையடுத்து ஒரு ஃபைலின் பாதையையும் எழுதினால், சர்வர் அந்த ஃபைலின் உள்ளடக்கத்தையே கட்டளையின் பகுதியாக எடுத்துக்கொண்டது. லாகின் செய்யாதவர்கூட அதன் முதல் சில வரிகளைப் படிக்க முடிந்தது. திருத்தம் எல்டிஎஸ் 2.426.3-இல் வந்தது, 2.346-க்கு வரவில்லை. ஆகவே ஜாவா 8-இல் தங்கியவர்கள் கமாண்ட் லைன் வசதியையே அடைத்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போனார்கள்.

கன்ட்ரோலரையும் (ஜென்கின்ஸின் மையச் சர்வர்) ஏஜென்டையும் (அது கொடுக்கும் வேலைகளைப் பிற மெஷின்களில் செய்வது) ஓட்டும் ஜாவா வேறு, உங்கள் நிரலைக் கம்பைல் செய்யும் ஜேடிகே (ஜாவா உருவாக்கத் தொகுப்பு) வேறு. முதலாவதுதான் ஜென்கின்ஸ் கேட்கும் பதிப்பில் இருக்க வேண்டும். ஏஜென்ட் மெஷினில் ஜாவா 8-ஐயும் கூடவே வைத்து, ஜாப் (ஜென்கின்ஸ் செய்யும் ஒரு வேலை) அல்லது பைப்லைனின் (படிகளை நிரலாக எழுதிய வேலை) டூல்ஸ் பகுதியில் அதைக் குறிப்பிட்டால் போதும். இதற்கு விதிவிலக்கு மேவன் ப்ராஜெக்ட் என்ற ஜாப் வகை: அது மேவன் என்ற பில்டு கருவியின் ஜேவிஎம்முக்குள்ளேயே (ஜாவா நிரலை ஓட்டும் சூழல்) ஜென்கின்ஸின் நிரலையும் ஏற்றுவதால் பழைய ஜேடிகேயில் நின்றுவிடும். அத்தகைய ஜாப்களை முன்கூட்டியே ஃப்ரீஸ்டைலாகவோ பைப்லைனாகவோ மாற்றிவிடுங்கள்.

ஒரே நேரத்தில் ஜாவாவையும் ஜென்கின்ஸையும் மாற்றாதீர்கள். ஏதேனும் உடைந்தால் காரணம் எது என்று பிரித்தறிய முடியாது. 2.346.3 ஜாவா 17-இலும் ஓடும் என்பது உங்களுக்கு நல்வாய்ப்பு. ஜென்கின்ஸ் ஹோம் (அமைப்புகளும் ஜாப்களும் இருக்கும் ஃபோல்டர்) முழுவதையும் பேக்கப் எடுத்து, அதன் நகலை ஒரு சோதனை மெஷினில் ஓட்டிப் பார்த்த பிறகு, கன்ட்ரோலரையும் எல்லா ஏஜென்டுகளையும் முதலில் ஜாவா 17-க்கு மாற்றுங்கள். அது நிலைத்ததும் ப்ளகின்களைப் புதுப்பித்து 2.479 வரிசைக்குப் போங்கள். அந்த வரிசை ஜாவா 21-ஐயும் ஏற்பதால், அங்கிருந்தபடியே ஜாவாவை 21-க்கு உயர்த்திவிட்டு மேற்கொண்டு நகரலாம். 2.479-இல் ஜெட்டி 12 என்ற வெப் சர்வரும் ஸ்பிரிங் செக்யூரிட்டி 6 என்ற பாதுகாப்பு நூலகமும் சேர்ந்து வந்ததால், கவனிப்பாரற்ற பழைய ப்ளகின்கள் அங்கேதான் முதலில் விழும். தேவையற்றவற்றை அதற்கு முன்பே நீக்கிவிடுவது நல்லது.

நான் பார்த்தவரை நேரம் அதிகம் போவது சிறு விஷயங்களில்தான். ஜாவா ஆப்ஷன்களில் மேக்ஸ் பெர்ம் சைஸ் (பழைய நினைவக அளவு அமைப்பு) அல்லது சிஎம்எஸ் கார்பேஜ் கலெக்டர் பற்றிய பழைய வரி ஒன்று மிச்சமிருந்தால், ஜாவா 17 அதை ஏற்காமல், ஜென்கின்ஸ் லாகில் ஒரு வரிகூட எழுதப்படும் முன்பே நின்றுவிடும். பிழைச் செய்தியை, லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியின் ஜர்னலில்தான் தேட வேண்டும். லினக்ஸ் பேக்கேஜ்கள் 2.332.1 முதல் சிஸ்டம்டிக்கு மாறிவிட்டதால், ஜாவா ஹோமையும் ஆப்ஷன்களையும் அதன் ஓவர்ரைடு ஃபைலில் எழுதுங்கள். நிறுவனத்தின் உள் சான்றிதழ்களைப் பழைய ஜேடிகேயின் கேசர்ட்ஸ் (நம்பகமான சான்றிதழ்களின் தொகுப்பு) ஃபைலில் சேர்த்திருந்தால் அவை புதியதற்குத் தாமாக வரமாட்டா. எல்டாப் (நிறுவனப் பயனர் பட்டியல்) லாகினோ கிட் இணைப்போ திடீரென மறுக்கப்பட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே.

மேலே வந்த பிறகு, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் வரும் ஜாவாவின் சொந்தப் பாதுகாப்புத் திருத்தங்களையும் உங்கள் பராமரிப்பு அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023-இல் ஜென்கின்ஸ் அறிவித்த திட்டப்படி ஜாவா 17-க்கான ஆதரவு 2026 மார்ச் வரையிலும் ஜாவா 21-க்கானது 2027 செப்டம்பர் வரையிலும் என்பதால், அடுத்த மாற்றத்துக்கான தேதியையும் இப்போதே குழுவிடம் சொல்லி வைத்துவிடலாம்.