பதினோராம் மணி வேளையின் கூலி

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கிறேன். வரும் ஞாயிறு எங்கள் சபையில் மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சத்தோட்ட உவமையைப் பிரசங்கிக்க வேண்டும். விடியற்காலையில் வந்தவனுக்கும் பொழுது சாயும் நேரத்தில், அதாவது பதினோராம் மணி வேளையில், வந்தவனுக்கும் ஒரே கூலி என்பதை என் மனம் ஏற்க மறுக்கிறது. கடைசி நேரத்தில் மனந்திரும்பியவனுக்கும் பரலோகம் உண்டு என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் தோட்டத் தொழிற்சங்கத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்த பெரியவர் ஒருவர் முன்வரிசையில் அமர்வார். ‘என்னுடையதை நான் என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா’ என்று தோட்டத்து எஜமான் கேட்கும் வசனத்தை அவர் முகத்தைப் பார்த்து நான் எப்படி வாசிப்பேன்?

அன்புள்ள தம்பி,

அந்த வசனத்துக்குப் போகுமுன் நான்காம் வசனத்தில் சற்று நில்லுங்கள். அதிகாலையில் வந்தவர்களிடம் மட்டுமே எஜமான் ஒரு பணம் என்று கூலி பேசுகிறான். மூன்றாம் மணி வேளையில், அதாவது காலை 9 மணியளவில், கண்டவர்களிடம் ‘நியாயமானபடி’ கொடுப்பேன் என்கிறானே தவிர தொகையைச் சொல்வதில்லை. ஆகவே, சாயங்காலத்தில் அவர்கள் கையில் வைக்கப்பட்ட முழுப் பணம்தான் அவன் எதை நியாயம் என்று நினைத்தான் என்பதற்குச் சான்று. தன்னைத் தயாளன் என்று பதினைந்தாம் வசனத்தில் சொல்வதும் அதே வாய்தான். நியாயம் வேறு, கிருபை வேறு என்று பல ஆண்டுகள் பிரித்துப் பிரசங்கித்த நான், இவ்விரு சொற்களையும் ஒரே எஜமானிடம் கேட்ட பிறகு அதை நிறுத்திவிட்டேன்.

அந்த ஒரு பணம், ஒரு கூலியாளின் நாள் சம்பளம். பன்னிரண்டு மணி நேரப் பகலில் ஒரு மணி நேரமே உழைத்ததால் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கை வாங்கிப் போகிறவன் வீட்டில் அன்று உலை கொதிக்காது. ஏழையின் கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24ஆம் அதிகாரம் கட்டளையிடுவதும் இதனால்தான்.

நான் வளர்ந்தது செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில். இருள் விலகுமுன், பெயர் வாசித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். முழங்கால் வீங்கிய பிறகு என் பாட்டியின் பெயர் பல நாட்கள் வாசிக்கப்படவில்லை. பால்மரம் வெட்டுகிறவர்கள் வாளிகளோடு கலைந்துபோன பின்னும், யாராவது வராமல் போயிருந்தால் களையெடுப்பு போன்ற வெளிக்காட்டு வேலைக்காவது கூப்பிடுவார்கள் என்று, தூக்குச்சட்டியைப் பிடித்தபடி அவர் அங்கேயே நிற்பார். கூப்பிடாத நாளில் மூடி திறக்காத சட்டியோடு திரும்பிவந்து, அந்தச் சோற்றை எங்களுக்குப் பிசைந்து கொடுப்பார். ‘ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை’ என்ற ஏழாம் வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் அந்தச் சட்டி என் கண்முன் வருகிறது. பகல் முழுவதும் நின்றவர்களை உவமை சோம்பேறிகள் என்று சொல்லவே இல்லை.

உங்கள் பெரியவருக்கு இது நம்மைவிட நன்றாகப் புரியும் என்றே நினைக்கிறேன். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை என்ற நிலைக்கு எதிராகத்தானே தோட்டத் தொழிலாளர்கள் மாதச் சம்பளம் கேட்டு நெடுங்காலம் போராடினார்கள்? வேலை கிடைக்காத நாளிலும் வயிறு இருக்கிறது என்பதே அவர்களுடைய வாதம். இந்த எஜமானின் ‘இஷ்டம்’ பேசிய கூலியில் ஒரு காசைக்கூடக் குறைக்கவில்லை. கொடுப்பதைக் கூட்டுவதற்கு மட்டுமே அவன் தன் அதிகாரத்தைப் பயன்படுத்துகிறான். சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளும் முதலாளி அந்த வசனத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள வழியில்லை என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

எனக்கு இன்னமும் கடினமாக இருப்பது வேறோர் இடம். பிந்தி வந்தவர்கள் தொடங்கிக் கூலி கொடு என்று எஜமான் ஏன் சொன்னான்? முந்தி வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் அவர்கள் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். பார்க்க வைத்ததால்தான் முறுமுறுப்பு வந்தது. அவர்கள் சொன்னதைக் கவனியுங்கள்: குறைத்துவிட்டீர் என்றல்ல, ‘சமமாக்கினீரே’ என்றுதான். அதற்கு எஜமான் சொல்லும் வன்கண் என்ற சொல், மூலத்தில் பொல்லாத கண். இந்த உவமைக்குச் சற்று முன்புதான் பேதுரு, எல்லாவற்றையும் விட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். இக்கதை முதலில் அவருக்கு, பிறகு மூன்று தலைமுறையாக ஒரே இருக்கையில் அமர்ந்து, நேற்று வந்து சேர்ந்தவரைக் கூர்ந்து பார்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு.

முறுமுறுத்தவன் சமாதானமாகிப் போனானா என்று இயேசு சொல்லாமல் விட்டிருக்கிறார். நீங்களும் அதைச் சொல்லி முடிக்க வேண்டாம். ஏழாம் வசனத்தை மட்டும் இரண்டு முறை நிதானமாக வாசியுங்கள். ஆராதனை முடிந்ததும் அந்தப் பெரியவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.