ஒரு போர்த் திரைப்படத்தைச் சிறந்தது ஆக்குவது எது?

பெரும் பொருட்செலவில் எடுக்கப்படும் போர்ப் படங்களுள் ஒரு சில மட்டும் ஏன் மனத்தை விட்டு அகலாமல் நிற்கின்றன, அவற்றைச் சிறந்தவை ஆக்குவது எது என்பது கேள்வி. நான் இலங்கையின் வடக்கே, வன்னி நிலப்பரப்பிலுள்ள கிளிநொச்சி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். 2009 ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிந்தபோது எனக்குப் பதினான்கு வயது. திரைப்படக் கலையை நான் முறையாகப் படித்ததில்லை. ஷெல் எனும் பீரங்கிக் குண்டு விழுந்த இடத்தில் இருந்த ஒருவன் இத்தகைய படங்களைப் பார்க்கும்போது எதை உண்மையென்று உடனே இனங்காண்கிறான், எந்த இடத்தில் மனத்தால் படத்தைவிட்டு விலகிப்போகிறான் என்பதை வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலாவது ஒலி. வன்னியில் நாங்கள் போரைக் கண்ணால் கண்டதைவிடக் காதால் கேட்டதே அதிகம். தொலைவில் ஷெல் குத்தும், அதாவது ஏவப்படும், சத்தம் கேட்கும். அதன் பின் சில விநாடிகளுக்கு எதுவும் கேட்காது. கூவிக்கொண்டு வரும் ஒலி தலைக்கு மேலாகக் கடந்துவிட்டால், அது வேறு யாருக்கோ போகிறது என்று தெரிந்துவிடும். அந்தச் சில விநாடிகளுக்குள் அம்மா அடுப்பிலிருந்த பானையை இறக்கி வைத்து, தங்கையைத் தூக்கிக்கொண்டு பதுங்கு குழிக்குள் இறங்கிவிடுவார். பானையை இறக்காமல் அவர் ஓடியதை நான் ஒருநாளும் கண்டதில்லை, ஏனென்றால் அதற்குள் இருந்தது அன்றைய நாள் முழுவதற்குமான அரிசி. வேவு விமானத்தை நாங்கள் வண்டு என்போம். வண்டு இரையும் நேரத்தில் பெரியவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவ்வளவு உயரத்தில் பறப்பதற்கு எங்கள் பேச்சுக் கேட்காது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் அப்படித்தான் செய்தார்கள். பெரும்பாலான போர்ப் படங்களில் வெடிப்பு இருக்கிறது, வெடிப்புக்கு முந்திய அந்த இடைவெளி இல்லை. ஓர் இயக்குநருக்கு அந்த இடைவெளி தெரிந்திருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் கவனிக்கிறேன்.

அது தெரிந்தவர் என்று நான் நம்பும் இயக்குநர் சோவியத் நாட்டின் எலெம் கிளிமோவ். 1985 இல் வெளிவந்த அவருடைய ‘கம் அண்ட் சீ’ படம், 1943 இல் நாஜிப் படைகளின் பிடியிலிருந்த பெலாரசில், கெரில்லாப் படையில் சேரப் போகும் ஃபிலியோரா என்ற சிறுவனைப் பற்றியது. காட்டில் குண்டுகள் விழுந்த பிறகு அவனுடைய காது அடைத்துப்போகிறது. அதன் பின் வரும் காட்சியில் பேச்சுகள் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல மங்கியும், ஒரே சீரான இரைச்சல் ஒன்று அவற்றை மூடியும் நமக்குக் கேட்கின்றன. முதன்முறை அதைப் பார்த்தபோது நான் என்னையறியாமல் வாயை அகலத் திறந்தேன். காதடைப்பு விடுவதற்காக நாங்கள் அப்படித்தான் செய்வோம். திரைக்கதையை கிளிமோவோடு சேர்ந்து எழுதிய அலெஸ் அதமோவிச் பதின்ம வயதில் அந்தக் கெரில்லாப் படையில் இருந்தவர். கிளிமோவ் தம்முடைய சிறுவயதில், எரிந்துகொண்டிருந்த ஸ்டாலின்கிராட்டிலிருந்து தாயோடு வொல்கா ஆற்றைக் கடந்து தப்பியவர். போரை நேரில் கண்டவர்தான் நல்ல போர்ப் படம் எடுக்க முடியும் என்று நான் வாதிட வரவில்லை, ஆயினும் அந்த ஒலியை அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இரண்டாவது, கைகள் செய்யும் வேலை. போருக்குள் அகப்பட்ட மக்கள் நாள் முழுவதும் அழுதுகொண்டிருப்பதாகப் பல படங்கள் காட்டுகின்றன. நாங்கள் அழுத நேரம் குறைவு, வேலை செய்த நேரமே அதிகம். கடைசி மாதங்களில் கடற்கரையை அண்டிய மணலுக்கு வந்துசேர்ந்தபோது வெட்டிய குழி நிற்கவில்லை. இரண்டடி இறங்கியதும் பக்கங்கள் சரிந்தன. உள்ளூரில் இருந்தபோது மேலே அடுக்கிய பனங்குற்றிகளும் அங்கே கிடைக்கவில்லை. மண்மூட்டை அடுக்கித்தான் ஆக வேண்டும், ஆனால் சாக்கு இல்லை. அதனால் அங்கிருந்த பெண்கள் எல்லோரும் சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்தார்கள். பக்கத்துத் தறப்பாள் கூடாரத்தில் இருந்த மாமி ஒருவர், கையால் சுற்றும் தையல் இயந்திரம் ஒன்றை ஒவ்வோர் இடப்பெயர்விலும் விடாமல் கொண்டுவந்திருந்தார். சாதாரணச் சேலைகள் தீர்ந்த பின் அம்மா தம்முடைய திருமணக் கூறைச் சேலையை எடுத்தார். சரிகைக் கரையில் ஊசி இரண்டு முறை முறிந்தது. மூன்றாவது ஊசியையும் இழக்க முடியாது என்று மாமி சொன்னதால், கரையை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு உடற்பகுதியை மட்டும் தைத்தார்கள்; மணல் கசியாமல் இருக்க விளிம்பை இரண்டாக மடித்து இரட்டைத் தையல் போட்டார்கள். ஒன்பது பைகள் வந்தன. நான் மணல் அள்ளிப் போட, அம்மா வாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்போது இருந்தது துயரமென்று எனக்குத் தோன்றவில்லை. தையல் நேராக வருகிறதா என்ற கவனம்தான் இருந்தது. நல்ல இயக்குநர் ஒருவர் இந்தக் காட்சியை எடுப்பாராயின், இசையைச் சேர்க்காமல், முகத்தை நெருங்கிப் போகாமல், அந்த ஒன்பது பைகளும் நிரம்பும்வரை காத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

போருக்கு எதிரான படமொன்றை எடுக்கவே முடியாது, திரையில் வந்ததும் போர் கவர்ச்சியாகிவிடும் என்ற பொருள்பட பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா துருஃபோ ஒருமுறை கூறியதாகச் சொல்வார்கள். இந்தக் கருத்தை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். ‘சேவிங் பிரைவேட் ரையன்’ படத்தின் தொடக்கத்தில், 1944 ஜூன் 6 அன்று ஒமாகா கடற்கரையில் நடக்கும் தரையிறக்கம் இருபது நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. பின்னணி இசை இல்லை, சிப்பாய்கள் சுடுவதற்கு முன்பே விழுகிறார்கள். அந்தப் பகுதி ஈடு இணையற்றது. பிறகு படம் ஒரு வீரப் பயணமாகிறது, யார் வெல்வார் என்ற ஆவல் வந்துவிடுகிறது, துருஃபோ சொன்னது அங்கே பலித்துவிடுகிறது. ஆனால் 1930 இல் லூயிஸ் மைல்ஸ்டோன் எடுத்த ‘ஆல் குவைட் ஆன் த வெஸ்டர்ன் ஃபிரன்ட்’ படத்தில், ஷெல் விழுந்த பள்ளம் ஒன்றுக்குள் தான் கத்தியால் குத்திய பிரெஞ்சுச் சிப்பாயோடு ஜெர்மன் இளைஞன் ஓர் இரவு முழுவதும் அகப்பட்டுக்கொள்கிறான். காயம்பட்டவன் உடனே சாகவில்லை. குத்தியவனுக்கு வெளியேற வழியுமில்லை. அவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறான், மன்னிப்புக் கேட்கிறான். கமெரா ஓடுபவனோடு ஓடினால் போர் கவர்ச்சியாகிறது. குழிக்குள் கிடப்பவனோடு கிடந்தால், எவ்வளவு திறமையாக எடுத்தாலும் அது கவர்ச்சியாவதில்லை. பதுங்கு குழிக்குள் இருந்தவன் என்ற முறையில் இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஜப்பானிய இயக்குநர் இசாவோ தகஹாதாவின் ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்’ (1988) வரைந்த சித்திரங்களால் ஆனது என்பதால் அதைச் சிறுவர் படம் என்று எண்ணி, அம்மாவோடும் தங்கையோடும் இருந்து பார்த்தேன். கோபே நகரம் எரிந்த பின் ஓர் அண்ணனும் நான்கு வயதுத் தங்கையும் தனித்துப் பட்டினி கிடக்கும் கதை அது. அண்ணன் இறப்பதை முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆகவே தப்புவார்களா என்ற கேள்வியே எழுவதில்லை, அவர்கள் ஒவ்வொரு நாளும் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் பார்க்கிறோம். பழரொபிப் பேணி ஒன்று, அதாவது பழச்சுவை மிட்டாய் அடைத்த தகரடப்பா, படம் முழுவதும் வருகிறது. ரொபிகள் தீர்ந்ததும் பேணிக்குள் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அந்த இனிப்பைத் தங்கைக்குக் குடிக்கக் கொடுக்கிறான் அண்ணன். அம்மா அந்த இடத்தில், “பால்மா பேணிக்கு நானும் இப்பிடித்தான் செய்தனான்” என்றார். அது யாருக்காக என்று தங்கை கேட்கவில்லை. பின்னர் ஒரு காட்சியில் அந்தச் சிறுமி மண்ணை உருட்டிச் சோற்றுருண்டை என்று அண்ணனுக்கு நீட்டுகிறாள். தகஹாதாவே ஒன்பது வயதில் ஒகயாமா நகரத்தின் மீதான விமானத் தாக்குதலிலிருந்து தப்பியவர் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

இனி, இக்கேள்விக்கு விடையாக ஒரே ஒரு படத்தைத்தான் சொல்லலாம் என்றால் நான் சொல்லக்கூடியது பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’. 1997 ஆம் ஆண்டுச் சிங்களப் படம். அதில் போர்க்களமே வருவதில்லை. குளம் வற்றிய ஒரு வறண்ட ஊரில் வாழும் பார்வையற்ற முதியவரின் வீட்டுக்கு, போர்முனைக்குச் சென்ற மகனின் உடல் முத்திரையிட்ட பெட்டியில் வருகிறது. திறக்கக் கூடாது என்று கட்டளை. முதியவரோ மகன் இறந்துவிட்டான் என்பதை ஏற்க மறுக்கிறார். நட்டஈட்டுப் படிவத்தில் ஒப்பமிடவும் மறுக்கிறார். வீட்டில் கடன் இருக்கிறது, இளைய மகளின் திருமணம் இருக்கிறது, அந்தப் பணம் எல்லோருக்கும் தேவைப்படுகிறது, அவர் மட்டும் அசைவதில்லை. அவருடைய பெயர் வன்னிஹாமி. ஜோ அபேவிக்கிரம அந்தப் பாத்திரத்தில் நடந்தும் அமர்ந்தும் செவிகொடுத்தும் வாழ்ந்திருக்கிறார். 2000 ஆம் ஆண்டில் அரசு இப்படத்தைத் திரையிட விடவில்லை; இயக்குநர் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்குச் சென்றுதான் அதை மக்களிடம் கொண்டுவர முடிந்தது.

எங்கள் மீது ஷெல் குத்திய படையில் இருந்த ஒருவனின் தந்தையைப் பற்றிய கதை அது. அதை அறிந்துதான் பார்க்க அமர்ந்தேன், பாதிப் படம் வரை மனத்தை இறுக்கிக்கொண்டும் இருந்தேன். அந்தப் படிவத்தை அவர் முன் நீட்டும் காட்சியில் அந்த இறுக்கம் போய்விட்டது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் வீதியோரத்தில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் தாய்மார். மரணச் சான்றிதழும் நட்டஈடும் வேண்டாம், பிள்ளைக்கு என்ன நடந்ததென்று சொல்லுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. அந்தத் தாய்மாரை யாரும் படமாக்குவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, எதிர்ப்பக்கத்து ஊர் ஒன்றில் இருந்து ஒருவர் அவர்களுடைய மறுப்பை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார். தன் பக்கத்து மக்களை உண்மையாகப் பார்த்த படம் மறுபக்கத்து மனிதரையும் வந்தடைகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இப்படத்தையும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவருக்குச் சிங்களம் தெரியாது. நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். முதியவர் மகனைப் புதைத்த இடத்தைத் தோண்டத் தொடங்கியதும், “நிப்பாட்டு தம்பி, நாளைக்குப் பாப்பம்” என்றார். நான் மடிக்கணினியை மூடினேன். மறுநாள் மாலை வேலைகள் முடிந்து விளக்கேற்றிய பின் அவராகவே வந்து அமர்ந்து, விட்ட இடத்திலிருந்து போடச் சொன்னார்.